எடைக்குப் போன படங்கள்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் செங்குன்றம், சோழவரம், கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வருகிறது. அங்குள்ள உருக்காலைகளில் பல, பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி ஆக்குபவை. காயலான் கடைகளில் சேர்ந்த உடைசல் லாரியில் வந்து எடை மேடை ஏறும். தையல் மிஷினாக இருந்ததா, சைக்கிளாக இருந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கிலோ எத்தனை என்பதே கேள்வி. தமிழ் சினிமாவின் முதல் இருபது, முப்பது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களில் பெரும்பாலானவை இதே கணக்கில்தான் மறைந்தன. அவற்றுக்குள் இருந்த உலோகம் மட்டும் வேறு: வெள்ளி.

கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் நாம் நிழலாகப் பார்ப்பது வெள்ளித் துகள்களைத்தான். ஒளிபுகும் பட்டையின் மேல் ஜெலட்டின் பூச்சு, அந்தப் பூச்சுக்குள் வெள்ளி. கலர் படத்தில் கழுவும்போதே வெள்ளி வெளியேறிவிடும், சாயம் மட்டும் தங்கும். கறுப்பு வெள்ளையில் அது கடைசிவரை பிரிண்டிலேயே இருக்கும். ஆகவே ஓடி முடித்த பிரிண்டுக்கு ஒரு விலை இருந்தது. பூச்சைக் கரைத்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சிய பட்டை வளையல் செய்பவர்களுக்கும் கைப்பை செய்பவர்களுக்கும் போகும். தயாரிப்பாளரைக் கேட்டால் இதில் தப்பு என்ன என்றுதான் கேட்டிருப்பார். படம் ஓடி முடிந்துவிட்டது, அடுத்த படத்துக்குப் பணம் வேண்டும், குடோன் வாடகை ஏறுகிறது. போதாக்குறைக்கு, 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருள் வெடிமருந்துக்குப் பங்காளி. தீப்பிடித்தால் எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்குள்ளும் எரியும். அப்படி ஒரு சரக்கை யார் பத்திரப்படுத்தி வைப்பார்கள்?

பழைய படங்கள் எங்கே என்று கேட்டால் "தீயில் எரிந்துவிட்டன" என்ற பதில் தயாராக இருக்கிறது. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' (1931) 2003இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் நடந்த தீ விபத்தில் அழிந்தது என்று பத்திரிகைகளே எழுதின. அந்தத் தீ உண்மை. ஜனவரி 8 அன்று நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு எரிந்து நூற்றுக்கணக்கான படங்கள் போயின. ஆனால் 'ஆலம் ஆரா' அந்தக் காப்பகத்துக்கு வந்து சேரவே இல்லை. காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர் அதைத் தேடி, படத்தை எடுத்த அர்தேஷிர் இரானியின் குடும்பத்தாரிடம் போனபோது, வெள்ளிக்காக எப்போதோ போட்டுவிட்டோம் என்ற பதில்தான் கிடைத்தது. தீ என்றால் அது விதி என்று ஆறுதல் அடையலாம். எடைக்குப் போட்டோம் என்றால் அது ஒரு முடிவு, அதை எடுத்த ஆள் உண்டு. நாம் தீக் கதையையே விரும்பிச் சொல்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

திருவள்ளூர்ப் பக்கம் இந்த வணிகம் எப்படி ஓடியது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மாவட்டம் 1997இல்தான் செங்கல்பட்டிலிருந்து பிரிந்தது. ஆனால் விநியோகஸ்தர்களின் வரைபடத்தில் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் ஊத்துக்கோட்டையும் திருத்தணியும் என்.எஸ்.சி. என்ற மூன்றெழுத்துக்குள் அடங்கிய ஊர்கள்: வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. ஏரியா உரிமை வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் பிரிண்டிலிருந்து எவ்வளவு பணம் கறக்க முடியுமோ கறக்க வேண்டும். பெட்டி முதலில் 'ஏ' சென்டருக்குப் போகும், அங்கே தேய்ந்தபின் 'பி', கடைசியில் 'சி' சென்டர். கீற்றுக் கொட்டகையும் மணல் தரையும் தற்காலிக லைசென்சும் கொண்ட டூரிங் டாக்கீஸுக்குப் பெட்டி வந்து சேரும்போது படத்துக்கு வயதாகியிருக்கும். திரையில் மழை பெய்யும். கீறல் விழுந்த பிரிண்டை நம் ஜனங்கள் அப்படித்தான் சொன்னார்கள். ரீல் அறுந்தால் ஆபரேட்டர் அறுந்த இடத்தில் சில அங்குலம் வெட்டிவிட்டு ஒட்டுவார். ஒவ்வோர் ஊரிலும் சில அங்குலம் போகப் போக, எட்டாவது ஊரில் கதாநாயகன் வாயைத் திறப்பதற்குள் வசனம் முடிந்துவிடும்.

வெட்டிய துண்டுகள் வீணாகவில்லை. கொட்டகைக்குப் பின்னால் பொறுக்கிய பிலிம் துண்டுகளைப் பையன்கள் சேர்த்து வைத்தார்கள். பெட்டிக் கடைகளிலும் விற்றார்கள். ஃப்யூஸ் போன பல்பின் அடியை உடைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றினால் லென்ஸ். வெளியே ஒருவன் கண்ணாடியைப் பிடித்து வெயிலைத் திருப்ப, உள்ளே இருட்டறைச் சுவரில் எம்.ஜி.ஆர். தலைகீழாக நிற்பார். அறுபது எழுபதுகளில் பிறந்த பலர் செய்து பார்த்த விஞ்ஞானம் இது. பிரிண்ட் முழுதாக ஆவணக் காப்பகத்துக்குப் போன ஊர் தமிழ்நாட்டில் அரிது. துண்டு துண்டாகப் பையன்களின் தீப்பெட்டிக்குள் போகாத ஊர் எதுவும் இல்லை.

இப்படிப் போனதில் எதை இழந்தோம்? படத்தை மட்டும் இழக்கவில்லை. அது எப்போது வந்தது, எந்த மொழியில் பேசியது என்ற அடிப்படை விவரங்களையே இழந்துவிட்டோம்.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் 'கீசக வதம்'. எடுத்தவர் வேலூரைச் சேர்ந்த ஆர். நடராஜ முதலியார், மோட்டார் கார் உதிரிபாக வியாபாரி. கர்சன் பிரபுவின் தர்பாரைப் படமெடுத்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் புனேவில் கேமரா பழகினார். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவில் இந்தியா ஃபிலிம் கம்பெனி என்று ஸ்டூடியோ போட்டார். படம் எந்த ஆண்டில் வந்தது? 1916 என்று ஒரு கணக்கு, 1917 என்று இன்னொன்று, 1918 என்று மற்றொன்று. மூன்றுக்கும் ஆதரவாக எழுதுபவர்கள் உண்டு. படம் கையில் இல்லை, அதோடு வந்த காகிதங்களும் போய்விட்டன. அவர் எடுத்த மற்றப் படங்களிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தொழில் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே ஸ்டூடியோவில் தீ விபத்து, மகனின் மரணம். அவர் சினிமாவை விட்டு விலகிவிட்டார்.

'காளிதாஸ்' கதை இன்னும் சிக்கல். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது, எச்.எம். ரெட்டி இயக்கம், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டிக்கு வால்டாக்ஸ் சாலையில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி ஊர்வலம் விட்டார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. கதாநாயகி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார், துணைப் பாத்திரங்கள் இந்தியில் பேசினார்கள் என்கிறார்கள். அப்படியானால் எத்தனை நிமிடம் தமிழ்? தனியாக எடுக்கப்பட்ட பாட்டு, நடனத் துண்டுகள் அதே காட்சியில் சேர்த்துக் காட்டப்பட்டனவா, படத்துக்குள்ளேயே வந்தனவா? முதல் தமிழ்ப் பேசும்படம் என்ற பட்டம் அதற்குப் பொருந்துமா? அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிரிண்ட் ஒன்று இருந்தால் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும் வழக்கு இது. தொண்ணூறு ஆண்டுகளாக இழுக்கிறது.

அதே ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா' எடுத்தார். கதை அவர் எழுதிய நாவல், தயாரிப்பும் இயக்கமும் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்று பாடப்புத்தகத்தில் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். பெண் ஒருத்தி கேமராவுக்குப் பின்னால் நின்றபோது அவள் கண்ணுக்கு எது பட்டது, எந்த இடத்தில் காட்சியை வெட்டினாள் என்று சொல்ல ஒரு அடி பிலிம்கூட இல்லை. மரியாதைக்குரிய பட்டம் இருக்கிறது, படம் இல்லை. எனக்கு 'காளிதாஸை' விட இந்த இழப்பே பெரிதாகப் படுகிறது. 'காளிதாஸ்' கிடைத்தால் ஒரு சர்ச்சை தீரும். 'மிஸ் கமலா' கிடைத்தால் தமிழ் சினிமாவின் வரலாற்றையே வேறு இடத்திலிருந்து தொடங்க நேரிடலாம்.

இத்தகைய படங்களுக்கு இன்று சாட்சியாக நிற்பது பாட்டுப் புத்தகம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவை சேகரிக்கப்பட்டிருக்கின்றன. சாணித்தாளில் அச்சடித்த சிறு புத்தகம், நடிகர் பட்டியல், பாட்டுகள், பாதிக் கதை, முடிவில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க". காணாமல் போன படத்தின் புத்தகத்தில் அந்த வரியைப் படிக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கத் துண்டுச் சீட்டாகச் சேர்த்த விவரங்கள் இல்லாவிட்டால் பல படங்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

தென்னகத்தின் மௌனப் படங்கள் நூற்றுக்கும் மேல். இந்தியா முழுக்க ஆயிரத்து முந்நூறுக்கும் மேல், மிஞ்சியவை முப்பதைத் தாண்டாது. அமெரிக்காவும் யோக்கியமில்லை. காங்கிரஸ் நூலகத்துக்காக டேவிட் பியர்ஸ் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஏறக்குறைய 11,000 அமெரிக்க மௌனப் படங்களில் வெளியான வடிவத்திலேயே முழுதாக இருப்பவை 14 சதவீதம்தான் என்று அது காட்டியது. நம் பங்குக்குத் தென்னகத்தில் பெரும்பகுதி மிஞ்சிய மௌனப் படம் ஒன்றே ஒன்று: 'மார்த்தாண்ட வர்மா'. அது மிஞ்சிய விதம்தான் இந்தக் கட்டுரையின் மையம்.

நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய படம் அது. சி.வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரையிட்டார்கள். நாவலின் உரிமை தங்களுக்கு என்று கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட்டது. நீதிமன்றம் புத்தகக் கடைப் பக்கம் நின்றது, பிரிண்ட் பறிமுதல். தயாரிப்பாளர் நொடித்துப்போனார். படப்பெட்டி புத்தகக் கடையின் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை ஓட்டுவாரும் இல்லை, வெள்ளிக்கு விற்பாரும் இல்லை. வழக்கில் ஜெயித்த சொத்து என்று கிடந்தது. 1974இல் பி.கே. நாயரின் காப்பகம் அதை மீட்டது. சுமார் 12,000 அடியில் மூன்றில் இரண்டு பங்கு தேறியது. வெளியான ஆண்டு 1931 என்பாரும் 1933 என்பாரும் இன்றும் உண்டு. ஆனால் இங்கே வாதாடுகிறவர்களுக்கு முன்னால் படம் இருக்கிறது.

தோற்றவருக்கு ஆறுதல் ஆகாதுதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: அந்த வழக்கில் சுந்தர்ராஜ் ஜெயித்திருந்தால் படம் ஊர் ஊராக ஓடியிருக்கும், தேய்ந்திருக்கும், எடைக்குப் போயிருக்கும். சினிமா வியாபாரத்துக்கு வெளியே போய் மாட்டிக்கொண்டதால் பிழைத்தது. அவருக்கு உறவினரான ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' அப்படி மாட்டிக்கொள்ளவில்லை. மலையாளத்தின் முதல் கதைப்படம் அது. வீட்டிலேயே கிடந்த சுருளைச் சிறுவனாக இருந்த மகன் விளையாட்டாகக் கொளுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். அதில் நடித்ததற்காகக் கல்லெறி வாங்கி ஊரை விட்டே ஓடிய தலித் பெண் பி.கே. ரோசியின் முகம் திரையில் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் யாரும் இன்று இல்லை.

உலகம் முழுக்கக் கிடைத்த படங்களின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. கார்ல் டிரேயரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' மூலப் பிரதி 1981இல் ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் இருந்தது. 'மெட்ரோபொலிஸ்' ஏறக்குறைய முழுதாக 2008இல் புவெனஸ் ஐரிஸ் அருங்காட்சியகத்தில் அகப்பட்டது. கல்கத்தாவில் 1919இல் எடுத்த 'பில்வமங்கள்' துண்டுகள் பாரிஸிலிருந்து 2016இல் புனேவுக்கு வந்தன. என்னை மிகவும் யோசிக்க வைப்பது கனடாவின் வடமேற்கில் உள்ள டாசன் என்ற ஊர். விநியோகப் பாதை அங்கே முடிகிறது. பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவு படத்தின் மதிப்பை விட அதிகம் என்பதால் கம்பெனிகள் அங்கேயே விட்டுவிடச் சொல்லிவிட்டன. ஊரார் 1929இல் ஒரு நீச்சல் குளத்தை மூடச் சுருள்களைக் கொட்டி மண் போட்டார்கள். 1978இல் புல்டோசர் தோண்டியபோது 533 ரீல்கள் வெளிவந்தன.

என்.எஸ்.சி.யின் வடகோடியில் இருக்கும் நம் ஊர்களும் பாதையின் முடிவுதானே, இங்கே ஏன் கிடைப்பதில்லை? இங்கிருந்து சென்னைக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு, பெட்டி மறுநாளே திரும்பிப் போய்விடும். டாசனில் நிலம் உறைந்திருந்தது. பழவேற்காட்டு உப்புக்காற்றும் ஐப்பசி ஈரமும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் நைட்ரேட் சுருள் முதலில் பிசுபிசுக்கும், பிறகு கட்டியாகும், கடைசியில் பழுப்புப் பொடி. ஐம்பதுகளிலிருந்து வந்த அசிடேட் சுருளுக்கு வேறு வியாதி. டப்பாவைத் திறந்தால் காடி நாற்றம் மூக்கில் ஏறும். பட்டை சுருங்கி நெளிந்துவிடும். ஒரு டப்பாவுக்கு வந்தால் பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும்.

வியாபாரத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டு தப்பிய தமிழ்ப் படங்களில் மிகப் பெரியது ஏ.கே. செட்டியாரின் காந்திப் படம். கோட்டையூர்க்காரர், புகைப்படக் கலையை டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படித்தவர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது அவருக்கு இந்த எண்ணம் வந்தது. வயது இருபத்தாறு நிறையவில்லை. அடுத்த இரண்டரை ஆண்டுகள் நான்கு கண்டங்களில் அலைந்தார். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு கேமராக்காரர்கள் எடுத்திருந்த காந்திக் காட்சிகளைத் தேடி 50,000 அடி சேர்த்தார். போர் தொடங்கிவிட்ட காலம், பிரிட்டிஷ் ஆட்சி, கையில் காந்தியின் படம். 12,000 அடியாகச் சுருக்கி 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னை ராக்ஸியில் தமிழில் வெளியிட்டார். பின்னர் தெலுங்கு. விடுதலையை ஒட்டி டெல்லியில் திரையிட்டார். 1953இல் அமெரிக்காவுக்குப் போய் ஆங்கில வடிவம் உண்டாக்கினார். வாஷிங்டனில் அதிபர் ஐசனோவர் பார்த்தார்.

பிறகு படம் காணோம். தமிழ் வடிவம் எங்கே போயிற்று என்று ஆவணம் ஏதும் இல்லை. செட்டியாரோ 1983இல் இறக்கும்வரை 'குமரி மலர்' பத்திரிகையை நடத்திக்கொண்டு, தம்மைப் பற்றிப் பேசாத மனிதராகவே வாழ்ந்தார். காந்தியைத் தேடிப் போன அனுபவங்களைக் கட்டுரைகளாக எழுதியவரால், எடுத்த படத்தைக் காக்க எந்த ஏற்பாடும் செய்ய முடியவில்லை. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி அந்தக் கட்டுரைகளை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று நூலாக்கினார். அவரே பல ஆண்டுகள் தேடி, 2000களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலச் சுருக்க வடிவத்தைக் கண்டெடுத்தார். கோட்டையூர்க்காரர் ராக்ஸியில் காட்டிய படத்துக்குப் பசிபிக் கரையில் உள்ள பல்கலைக்கழகம் காவல் இருந்திருக்கிறது. தமிழ்ப் படம் மட்டும் இன்னும் வரவில்லை.

கடல் தாண்டிய இன்னோர் இழப்பு கும்மிடிப்பூண்டிக்கு நெருக்கமானது. இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாம் தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. அந்த மக்களுக்கென்று ஒரு சினிமா இருந்தது: 1962இல் 16 எம்.எம்.மில் வந்த 'சமுதாயம்', வி.எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு', தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி', செங்கை ஆழியான் நாவலிலிருந்து 'வாடைக்காற்று'. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தியேட்டர்களும் எரிந்தன. தீக் கதையை நம்பாதே என்று மேலே சொன்னேன். இங்கே தீ உண்மை, அதை மூட்டியவர்களும் உண்மை. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் இந்தப் படங்களைத் தியேட்டரில் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் உள்ள காட்சியையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்ய லட்சங்கள் தேவையில்லை. ஒரு செல்போனும் கேட்கப் பொறுமையும் போதும்.

வெளிவராத படங்களைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே 'மருதநாயகம்' என்போம். 1997இல் எலிசபெத் ராணியை வைத்துத் தொடங்கி, பணம் புரளாமல் நின்ற படம். அதற்குப் பேர் உண்டு, கேட்க ஆள் உண்டு. பேரில்லாத நூற்றுக்கணக்கானவை முடங்கியது 'லேப் லெட்டர்' என்ற காகிதத்தால். பைனான்ஸியர் கடன் கொடுப்பது நெகட்டிவின் பேரில். நெகட்டிவ் பிலிம் கழுவும் லேபில் இருக்கும். கடன்காரர் சம்மதம் இல்லாமல் பிரிண்ட் போட மாட்டோம் என்று லேப் எழுதிக் கொடுக்கும். வட்டி ஏறி முதலை மீறினால் படம் அங்கேயே அடகில் மூழ்கிவிடும். டிஜிட்டல் வந்தது, லேப்கள் ஒவ்வொன்றாக மூடின. கேட்க ஆளில்லாத நெகட்டிவ் டப்பாக்கள் அனாதையாயின. தயாரிப்பாளர் இறந்திருப்பார், வாரிசுக்குக் கடன் பயம், பைனான்ஸியர் ஊரிலேயே இல்லை. 2012இல் புதுப்பித்து வெளியிட்ட 'கர்ணன்' நூறு நாள் தாண்டி ஓடியபிறகுதான் பழைய நெகட்டிவும் காசாகும் என்று கோடம்பாக்கத்துக்கு உறைத்தது. அந்தப் பாடமும் சிவாஜி, எம்.ஜி.ஆர். படங்களோடு நின்றுவிட்டது.

தொலைக்காட்சி இன்னும் மோசம். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. தொடக்க காலத்தில் பல நிகழ்ச்சிகள் நேரலை, பதிவே கிடையாது. பதிந்தவற்றுக்கும் காந்த நாடா விலை அதிகம், ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்று. பி.பி.சி.யே அறுபதுகளின் 'டாக்டர் ஹூ' தொடரை அப்படி அழித்தது. அதில் ஒன்பது பகுதிகள் 2013இல் நைஜீரியாவில் கிடைத்தன. வெளிநாட்டுக்கு விற்ற பிரதிகள் அங்கே மிஞ்சியிருந்தன. சென்னையின் நாடகத்தை வெளிநாட்டுக்கு விற்றவர் யார்? வீட்டில் வி.சி.ஆரில் பிடித்து வைத்தவர்தான் நமக்கு நைஜீரியா.

டிஜிட்டல் வந்துவிட்டதால் இனிக் கவலையில்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஹாலிவுட் அகாதமி 2007இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு படத்தின் டிஜிட்டல் மூலத்தைக் காக்க ஆண்டுக்கு ஆகும் செலவு பிலிமைப் போல ஏறக்குறைய பதினோரு மடங்கு. ஹார்டு டிஸ்க்கை அலமாரியில் வைத்துப் பூட்டினால் அது சாகும். சில ஆண்டுக்கு ஒருமுறை புது வட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2010க்குப் பின் வந்த சிறு படங்களில் எத்தனைக்கு அந்த வசதி இருக்கும்? 1931இன் படத்தைத் தேடுவது போல 2011இன் படத்தையும் தேட வேண்டிய நாள் தூரத்தில் இல்லை.

இத்தனைக்கும் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1954இன் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி பதிப்பாளர்கள் தங்கள் நூலைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பியாக வேண்டும். மூன்று ரூபாய் ராசிபலன் புத்தகத்துக்கும் இது பொருந்தும். முப்பது கோடி செலவில் எடுத்த படத்தை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கக் கட்டாயச் சட்டம் எதுவும் இல்லை. 1964இல் தொடங்கிய புனே காப்பகம் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. தமிழ் சினிமாவிலிருந்து ஐந்து முதலமைச்சர்கள் வந்த மாநிலத்தில் அரசுத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஒன்றுகூட இல்லை. வியாபாரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் வேலை விற்பது. காப்பது அரசின் வேலை, அதைச் செய்யவில்லை என்பதே என் தீர்ப்பு.

சட்டம் வரும்வரை திருவள்ளூர் மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடித்துக் கல்யாண மண்டபமாக்கிய தியேட்டர்களின் பழைய முதலாளிகள், ஓய்வு பெற்ற ஆபரேட்டர்கள், 16 எம்.எம். புரொஜக்டரில் படம் காட்டிய பள்ளிகள், தேவாலயங்கள், தொழிற்சாலைகளின் பொழுதுபோக்கு மன்றங்கள் என யாரிடமும் பரணில் டப்பா கிடக்கலாம். காயலான் கடைக்காரர்களே, தகர வட்ட டப்பா வந்தால் எடை போடுமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பீடி, நெருப்பு பக்கத்தில் வேண்டாம். சுருளை இழுத்துப் பார்க்க வேண்டாம், வெயிலில் காயப்போட வேண்டாம். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காமல் போட்டோ எடுத்துவையுங்கள். புனே காப்பகத்துக்கோ மும்பை ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனுக்கோ எழுதுங்கள். பாட்டுப் புத்தகமும் நோட்டீசும் ஆனால் தரமணிக்குக் கொடுங்கள். வி.எச்.எஸ். கேசட்டில் பதிந்த பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சி இருந்தால் அதன்மேல் எதையும் பதியாமல், இந்த ஆண்டே டிஜிட்டலாக மாற்றிவிடுங்கள்.